ஆள் மறைகிற பயிர்

தலைமன்னார் சுங்கத்தில் என் பையைத் திறந்த அதிகாரி முதலில் வெளியே எடுத்தது, வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த மருந்து பாட்டிலைத்தான். என்ன மருந்து என்று கேட்டார். பருத்திச் செடிக்கு என்றேன். வளர்வதற்கா என்றார். இல்லை, வளராமல் இருப்பதற்கு என்றேன்.

அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகாது. பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற புடவை வியாபாரி, நான் கேட்காமலே மொழிபெயர்த்து உதவினார். "மருந்து நல்லா வேலை செய்யுமாம் தம்பி. ஆளே குடிச்சுப் பார்த்திருக்கிறார் போல எண்டு சொல்லுறார்."

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம் அது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையின் பருத்தி அபிவிருத்திப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு சைக்கிளும். என் உயரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்க எனக்கு எட்டாது. கல்யாண வீட்டுப் புகைப்படங்களில் முதல் வரிசையில் குழந்தைகளோடு நிற்பேன்.

என்னை வரச்சொன்னவன் குணம். விவசாயக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன், புங்குடுதீவில் இறுப்பிட்டிக்காரன். ஊர் திரும்பி விவசாயப் போதனாசிரியராகிவிட்டான். புகையிலையைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத தன் அத்தானை ஒரு போகம் பருத்தி போடும்படி அவன்தான் கிளப்பிவிட்டிருக்கிறான். இப்போது செடி திமுதிமுவென்று வளர்கிறதாம், மொட்டு மட்டும் பிடிக்கவில்லையாம். "நீ வந்து பார்க்காவிட்டால் நான் அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்ட ஏலாது" என்று எழுதியிருந்தான். ஆலையில் விடுப்பு கேட்டேன். என்னை இரண்டு வாரம் பார்க்காமல் இருப்பதில் மேலாளருக்கு ஆட்சேபணை எதுவும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் குணம் எனக்காகக் காத்திருந்தான். இருவரும் ஏறிய தீவு பஸ், வேலணை தாண்டிக் கடலுக்கு நடுவே போட்ட நீண்ட பாதையில் ஏறியதும் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே கொளுத்தும் வெயில், முகத்தில் அறைகிற காற்று. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும் என்றார் கண்டக்டர். நானும் எழுந்தேன். அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "சின்னப் பொடியங்கள் உள்ளுக்கை இருங்கோ" என்றார். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. மறுத்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே வெயிலைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். குணம் கீழே நின்று பஸ்ஸைத் தள்ளியபடியே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

அத்தான் கந்தையா அண்ணை ஆறடி. மனைவி இராசம்மா அக்காவும் அவருக்குச் சளைத்தவரில்லை. ஒரே மகள் புவனம். வீட்டில் எனக்கு முதல் மரியாதையாகப் பெரிய கதிரை ஒன்றைப் போட்டார்கள். நாற்காலியைத்தான் சொல்கிறேன், அவர்களுடைய சொல் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஏறி உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. நான் காலை ஆட்டாமல் வைத்துக்கொள்ளப் படும் பாட்டை, தேத்தண்ணி கொண்டுவந்த புவனம் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரவு குரக்கன் மாவில், அதாவது கேழ்வரகில், அவித்த புட்டும் மீன் குழம்பும். எங்கள் ஊரில் நாங்கள்தான் காரம் தின்னப் பிறந்தவர்கள் என்று எண்ணியிருந்தேன். முதல் கவளத்திலேயே காது அடைத்தது. "உறைக்குதோ?" என்று இராசம்மா அக்கா கேட்டார். இல்லையே என்றேன், கண்ணில் நீர் வழிய. "அப்ப இன்னும் கொஞ்சம் விடுறன்" என்று அகப்பையைச் சாய்த்தார். வீரம் பேசினால் இதுதான் கதி.

காலையில் தோட்டம் பார்த்தேன். பருத்தி என் நெஞ்சு உயரம் நின்றது, மற்றவர்களுக்கு இடுப்பு. இலை ஒவ்வொன்றும் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல அகலம். மொட்டு வைக்கத் தொடங்கிய செடியில் மொட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. விஷயம் உடனே விளங்கிவிட்டது. அவர் பருத்தியைப் புகையிலை என்று நினைத்து வளர்த்திருக்கிறார். மாட்டெரு, ஆட்டெரு, கரையில் ஒதுங்கும் கடற்புல் எல்லாம் போட்டு, ஒரு முழத்துக்கு ஒரு வரிசை என்று நெருக்கி நட்டு, ஏற்றம் போன்ற துலா மிதித்து நாள் தவறாமல் தண்ணீர் இறைத்திருக்கிறார். பம்பு போட்டால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் எல்லாம் ஆள் இறைப்பு. புகையிலைக்கு இலைதான் லாபம், சரி. பருத்திக்கு இவ்வளவு விருந்து வைத்தால் அது தின்று தின்று உயர்ந்துகொண்டே போகும், காய்க்க மறந்துவிடும். எங்கள் கரிசலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பருத்திக்குப் பட்டினிதான், அதனால் ஒழுங்காகக் காய்த்துவிடும்.

இரண்டு வழி உண்டு என்று சொன்னேன். ஒன்று, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைப் பிடுங்கி இடைவெளியை இரண்டு முழமாக்குவது. வெளிச்சமும் காற்றும் அடிக்கிளை வரை இறங்கும், மொட்டு உதிராது. இரண்டு, வரிசையை நெருக்கமாகவே விட்டு, மருந்தடித்துச் செடியைக் கட்டையாக நிறுத்துவது. கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கும், தின்ற சாப்பாடு காய்க்குப் போகும்.

"பிடுங்கிறதோ?" என்றார் கந்தையா அண்ணை. நான் மாதிரிக்கு நாலைந்து செடியைப் பிடுங்கிக் காட்டினேன். மாலையில் பார்த்தால் அவையெல்லாம் குசினிக்குப் பின்னால், சமையலறைச் சுவரோரம், பால்மா டின்களில் நட்டு வைக்கப்பட்டிருந்தன. "உயிரோடை நிண்டதுகள், எறிய மனம் வரேல்லை" என்றார் இராசம்மா அக்கா. ஆக, முதல் வழி அடைபட்டது.

மருந்தடித்த நாள்தான் என் வாழ்வில் நான் மிகக் கம்பீரமாகத் தெரிந்திருக்கவேண்டிய நாள். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு கிணற்றடியிலிருந்து தொடங்கினேன், மருந்து கலக்கத் தண்ணீர் அங்கேதானே. மத்தியானம் தொடங்கி, பின்பாதியை முடித்து, ஒழுங்கை என்கிற சந்தோரத்து முன்பாதியை முடிக்கும்போது சூரியன் கடலில் இறங்கிவிட்டது. ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, "கந்தையா அண்ணை, மிசின் தன்ரை பாட்டுக்கு நடக்குது, புதுசோ?" என்று கேட்டார். பின்னாலிருந்து பார்த்தால் நான் தெரியவில்லையாம்.

அன்று எனக்கு விருந்தாக, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சியிருந்தார்கள். நண்டு, கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட கூழை, பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றி ஊற்றித் தந்தார்கள். பிளாவைக் கீழே வைக்க முடியாது, வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். ஆகையால் குடித்துத்தான் தீர்க்கவேண்டும், தீர்த்ததும் மறுபடி ஊற்றுவார்கள். கடைசியில் என்னைக் கைத்தாங்கலாகத்தான் பாயில் கிடத்தினார்கள். அந்த நேரத்தில் தோட்டத்தில் யார் நடமாடினார்கள் என்றெல்லாம் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

மருந்து தன் வேலையைக் காட்ட ஒரு வாரமாவது வேண்டும். அதுவரை குணம் எனக்கு ஊர் காட்டினான். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போனோம். அரை மணி கூட இல்லாத கடல்தான், ஆனால் நான் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனேன். எதிரே கைக்குழந்தையோடு இருந்த பெண், "பிள்ளையே பயப்பிடேல்லை, பாருங்கோ" என்று ஆறுதல் சொன்னார். அந்தக் குழந்தைக்கு நீச்சல் தெரிந்திருக்கலாம், யார் கண்டது.

நெடுந்தீவுக்கும் போனோம். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், திறந்த வெளியில் தன் பாட்டில் மேயும் குதிரைகள். எங்கள் ஊர்க் கல்லுக்கட்டு மழைக்குச் சரிந்துவிடும், இங்கே சாந்து பூசாமலே நிற்கிறது. குதிரைகள் மட்டக்குதிரைகள். என் உயரத்துக்கு ஏற்ற ஒரு பிராணியை முதன்முறையாகப் பார்த்த மகிழ்ச்சியில் கிட்டப் போனேன். அது உதைத்தது.

நொண்டிக்கொண்டு இறுப்பிட்டிக்குத் திரும்பி, நேராகத் தோட்டத்துக்குப் போனேன். பின்பாதி அருமை. நுனி நின்றுவிட்டது, இலை கரும்பச்சையாகத் தடித்துவிட்டது, கணுவுக்குக் கணு மொட்டு. ஆனால் முன்பாதி? ஒன்றுமே நடக்காதது போல வெளிர்பச்சையாகத் தலையை ஆட்டிக்கொண்டு என் மூக்கு வரை வந்து நின்றது.

மருந்தைப் பிசகாகக் கலந்துவிட்டேனா? கடைசியில் வெறும் தண்ணீரை அடித்தேனா? கந்தையா அண்ணை குணத்தை நம்பிப் புகையிலையைக் கைவிட்டு, என்னை நம்பிப் பயிரை ஒப்படைத்த மனுஷன். ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாம் ஏற்கனவே, "பஞ்சு எப்ப பறக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வரிசைகளுக்கு இடையே மேலும் கீழும் நடந்தேன். படித்த படிப்பெல்லாம் கண்முன் வந்து கைகொட்டிச் சிரித்தது.

அப்போது புவனம் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "மாமா, உங்கடை மருந்திலை பிழையில்லை. முன்பாதியை நான் கழுவிப்போட்டன்" என்றாள்.

"கழுவினாயா?"

"ஓம். நீங்கள் எல்லாரும் கூழ் குடிக்கேக்கை, பூவாளியாலை. உப்புக்காத்து அடிச்சால் நாங்கள் நல்ல தண்ணி தெளிச்சு இலை கழுவுறனாங்கள்தானே."

"அன்றைக்கு உப்புக்காற்று அடிக்கவில்லையே, பிள்ளை."

"அடிக்கேல்லைத்தான்" என்றாள். செம்பைக் கீழே வைத்தாள். பிறகு மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். இது அவளுடைய சீதனக் காணி. வேலணையில் முருகேசர் என்று ஒரு புகையிலைக்காரர், அவருடைய மகனுக்குத் தபாற்கந்தோரில், அதாவது தபால் அலுவலகத்தில், வேலை. இவள் தையல் வகுப்புக்குப் போன காலத்தில் இருவருக்கும் ஒரே பஸ். வருகிற வெள்ளிக்கிழமை முருகேசர் காணி பார்க்க வருகிறார். அவருக்குக் காணி என்றால் அதில் ஆள் மறைகிற உயரத்துக்குப் பயிர் நிற்கவேண்டும். போன வருஷம் வேறொரு பெண்ணின் காணியில் பயிர் கட்டையாக நின்றதைப் பார்த்துவிட்டு, மண்ணில் சத்தில்லை என்று சம்பந்தத்தையே விட்டுவிட்டார்.

"நீங்கள் கட்டையாக்கிற மருந்தோடை வந்தால் நான் என்ன செய்யிறது?" என்றாள். "பின்னுக்கு நிக்கிறது அப்பாவுக்கு. முன்னுக்கு நிக்கிறது எனக்கு. எனக்கு உந்தக் கலியாணம் நடக்கவேணும், மாமா."

பாட்டிலில் இன்னும் மருந்து இருந்தது. அன்று மாலையே அடித்தால் முன்பாதியும் பிழைக்கும். வெள்ளிக்கிழமை தாண்டினால் மொட்டுப் பருவம் போய்விடும், பிறகு அது வெறும் ஆட்டுத் தீவனம். ஒரு பக்கம் பாதித் தோட்டம், மறுபக்கம் இந்தப் பெண். என் தொழில் தர்மம் என்னை உறுத்தியிருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், அவள் கண்ணைப் பார்த்ததும் தொழில் தர்மம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கந்தையா அண்ணையிடம் போய், முன்பாதிக்கு மருந்து பிடிக்கச் சற்றுத் தாமதமாகும் என்று விஞ்ஞானம் பேசினேன். "நீர் சொன்னால் சரி, தம்பி" என்றார். அதுதான் சுட்டது.

வெள்ளிக்கிழமை முருகேசர் குடையும் சால்வையுமாக வந்து இறங்கினார். கூட இரண்டு மூன்று உறவுக்காரர். முதலில் கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் வாங்கி, வாய்க்குள் உருட்டி உருட்டிக் குடித்தார். தீவில் மண்ணை விடத் தண்ணீர் பெரிது. "நல்ல தண்ணி" என்றார். இராசம்மா அக்கா மூச்சு விட்டார். முருகேசர் பின்பாதியைப் பார்த்து, "உதென்ன, கட்டையா நிக்குது?" என்றார். "அது வேறை இனம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

முன்பாதிக்கு வந்தோம். குடையை ஊன்றி நின்று வெகுநேரம் பார்த்தார். "புகையிலை எண்டால் இலையைத் தடவிச் சொல்லுவன். பருத்தியை எப்பிடி மதிக்கிறது? சரி, ஒராளை உள்ளுக்கை விடுங்கோ பாப்பம். மறையுதோ எண்டு."

கந்தையா அண்ணை ஆறடி. குணம் அதற்கும் மேலே. வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லாம் பனைமரங்கள். அத்தனை முகமும் மெல்லத் திரும்பி, கீழே குனிந்து, என்னைப் பார்த்தன. புவனம் குசினி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போனேன். வேறென்ன செய்வது? செடியைக் கட்டையாக்கக் கடல் கடந்து வந்தவன், செடி உயரமானது என்று சாட்சி சொல்லக் காட்டுக்குள் நுழைந்தேன். நடுவில் போய் நின்றேன். செடி என் மூக்கு வரைதான். நெற்றியும் தலைமுடியும் நிச்சயம் தெரியும். மெதுவாக முழங்காலை மடக்கினேன்.

"இந்தியாத் தம்பி, எங்கை நிக்கிறீர்?"

"இங்கேதான் நிற்கிறேன், ஐயா!"

"காணேல்லையே" என்றது ஒரு குரல். "ஓம், காணேல்லை" என்றது இன்னொரு குரல். காலில் எறும்பு ஏறியது. குதிரை உதைத்த தொடை விண்விண்ணென்று தெறித்தது. இவர்கள் என்ன, ஜாதகத்தையும் இப்போதே பார்க்கிறார்களா என்று நினைத்தேன். ஆனாலும் நிமிரவில்லை. ஒரு மொட்டு கூட இல்லாத அந்தப் பச்சைக் காட்டுக்குள் மடங்கி நின்றபோது, இந்தப் பயிர் இன்னும் ஒரு சாண் வளரக்கூடாதா என்று நான் மனமார வேண்டிக்கொண்டேன். என் மேலாளர் பார்த்திருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார்.

"சரி, வெளியிலை வாரும். நல்ல மண்" என்றார் முருகேசர்.

பலகாரமும் தேத்தண்ணியும் ஆனபின், வாசல் படலை வரை அவரை வழியனுப்ப நானும் போனேன். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அவர் குடையை விரித்து, என் பக்கம் குனிந்து, "தம்பி, முழங்கால் நோகுதோ?" என்று கேட்டார்.

நான் குனிந்து, இல்லாத எறும்பைக் காலிலிருந்து தட்டினேன்.

"உச்சியிலை ரண்டு மயிர் ஆடினது எனக்குத் தெரிஞ்சது" என்றார். "என்ரை பொடியன் ஒரு கிழமையாச் சாப்பிடாமல் கிடக்கிறான். உந்தப் பெட்டைதான் வேணுமாம். தாய் அழுகிறா. நான் ஒண்டும் பாராமல் ஓமெண்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் வாயை அடைக்க எனக்கும் ஒரு சாட்டு வேணும்தானே." குடை ஒழுங்கையில் இறங்கிப் போனது. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அந்தக் கிழவனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஊர் திரும்பி அறிக்கை எழுதினேன். பக்கத்திலேயே மருந்தடிக்காத பாதியை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்தது மிகவும் முறையான செயல் என்று மேலாளர் முதன்முறையாக என்னைப் பாராட்டினார். நான் பணிவோடு ஏற்றுக்கொண்டேன்.

தலைமன்னார்க் கப்பல் ஓடிய கடைசி மாதங்களில், இறுப்பிட்டியிலிருந்து வந்த ஒருவர் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பொதி தந்தார். கல்யாணம் நடந்துவிட்டது என்றார். முன்பாதியை ஆடு தின்றது, பின்பாதி வெள்ளை வெளேரென்று வெடித்தது, ஆனாலும் கந்தையா அண்ணை அடுத்த போகம் பழையபடி புகையிலைதான் போட்டார் என்றார். பொதிக்குள் ஒரு தலையணை. அந்தப் பஞ்சில், கையாலே கொட்டை எடுத்து, புவனமே தைத்தது. பஞ்சைக் கொட்டிப் பிரிப்பதற்கு ஆள் கிடைக்காமல் அப்படியே அடைத்ததால் கல்லாகக் கனத்தது.

"தலைக்கு வைக்க ஏலாது எண்டு அவவே சொன்னவ" என்றார் வந்தவர். "கதிரையிலை போட்டு இருக்கச் சொல்லித்தான் தந்துவிட்டவ."

இன்று கப்பல் இல்லை. தீவுகளிலிருந்து வருகிற செய்தி ஒன்றும் நல்லதாக இல்லை. அந்தக் காணியில் இப்போது என்ன நிற்கிறது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. நினைத்தால் மனசு தாங்குவதில்லை. தலையணை மட்டும் அலுவலகத்தில் என் நாற்காலியில் கிடக்கிறது. செடிகளைக் கட்டையாக்கி ஊர் ஊராகத் திரிந்தவனை, அவற்றில் ஒரு பாதித் தோட்டம் மூன்று விரற்கடை உயர்த்தி வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத மேசை எட்டியதும் அதனால்தான்.